பேஸ்மேக்கரா, அப்லேஷனா? கையெழுத்துப் போடும் முன் அக்கா சொல்வதைக் கேள்

"ஆஞ்சியோ நார்மல்னு சொல்லிட்டாங்க. அப்புறம் எதுக்குக்கா பேஸ்மேக்கர்?" பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இந்தக் கேள்வியைக் கேட்காத தங்கச்சிகள் குறைவு. இதற்கான பதில் தமிழ்நாடு முழுக்கச் செய்தியாகவே வந்தது. 2025 ஜூலை 21 அன்று, முதலமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலினுக்குக் காலை நடைப்பயிற்சியின்போது தலைசுற்றல் ஏற்பட்டு, சென்னை அப்போலோவில் சேர்த்தார்கள். 24ஆம் தேதி வந்த மருத்துவ அறிக்கை, இதயத் துடிப்பில் இருந்த மாறுபாடுதான் தலைசுற்றலுக்குக் காரணம், அதைச் சரிசெய்யும் சிகிச்சை முடிந்தது, ஆஞ்சியோகிராம் இயல்பாக இருக்கிறது என்று சொன்னது. 27ஆம் தேதி வீடு திரும்பினார். ஆஞ்சியோ நன்றாக இருந்தும் துடிப்பு தடுமாறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

வீட்டில் தண்ணீர் பைப் அடைத்துக்கொள்வது ஒன்று, ஒயரிங் பழுதாவது இன்னொன்று. இதயத்திலும் அப்படித்தான். ஆஞ்சியோ பைப்பை மட்டும்தான் பார்க்கும். இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்சாரத்தில் கோளாறு இருந்தால் அது ஈ.சி.ஜி.யில்தான் தெரியும்.

அந்த மின்சாரக் கோளாறிலும் இரண்டு தினுசு உண்டு. துடிப்பு மிகவும் மெதுவாகிப்போவது, அல்லது நடுநடுவே சில நொடிகள் நின்றுவிடுவது ஒன்று. ஹார்ட் பிளாக் என்று டாக்டர் சொல்வது இந்த வகை. வேறு காரணம் இல்லாமல் அது நிலைத்துவிட்டால் பேஸ்மேக்கர்தான் தீர்வு, மாத்திரையால் காலம் தள்ள முடியாது. இன்னொன்று, உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 150, 180, 200 என்று ஓடுவது. எஸ்.வி.டி., ஏ.எஃப். என்று சீட்டில் எழுதுவார்கள். இவற்றில் பலவற்றுக்கு அப்லேஷன் உண்டு. தொடை ரத்தநாளம் வழியாக மெல்லிய கம்பியைச் செலுத்தி, தப்பான மின்பாதையைச் சூடாக்கியோ உறையவைத்தோ அடைப்பதுதான் அப்லேஷன்.

ஆக, இதுவா அதுவா என்று கடையில் புடவை எடுப்பதைப் போலத் தேர்ந்தெடுக்கிற விஷயம் பெரும்பாலும் இல்லை. பேஸ்மேக்கர் வேகமான துடிப்பை அடக்காது. அப்லேஷன் மெதுவான துடிப்பைத் தூக்கிவிடாது. "வேகமா துடிக்குது, அதனால பேஸ்மேக்கர்" என்று உன் வீட்டுக்காரர் வந்து சொன்னால் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, திரும்பப் போய்க் கேள். சிலருக்கு இரண்டும் கலந்திருக்கும். ஒரு நேரம் ஓடும், ஒரு நேரம் நிற்கும். வேகத்தைக் குறைக்க மாத்திரை கொடுத்தால் துடிப்பு இன்னும் மெதுவாகி மயக்கம் வரும் என்பதால், பேஸ்மேக்கரை வைத்துவிட்டு மாத்திரையைத் தொடங்குவார்கள். அந்தக் காரணமா என்று நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்.

மெதுவாகத் துடிக்கிறது என்றதும் பதறவும் வேண்டாம். பிரஷருக்குச் சாப்பிடும் மெட்டோப்ரோலால், அட்டினோலால், டில்டியாசம் போன்ற மாத்திரைகளே துடிப்பைக் குறைக்கும். தைராய்டு குறைந்தாலும் குறையும். சிறுநீரகம் கெட்டு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் ஆபத்தான அளவுக்குக் குறையும். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் வை. பெயர் சொல்லத் தெரியவில்லை என்று எதையும் விட்டுவிடாதே.

படபடக்கும்போதே எடுத்த தாள்

துடிப்புக் கோளாறில் பெரிய தொல்லை, டாக்டரிடம் போகும்போது அது இருக்காது என்பதுதான். இரவு ஷிப்டில் படபடவென்று அடித்துக்கொள்ளும், காலையில் ஓ.பி.யில் ஈ.சி.ஜி. எடுத்தால் சுத்தமாக இருக்கும். "டென்ஷன்மா, ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிடுவார்கள். பெண்களுக்கு இது இன்னும் அதிகம் நடக்கிறது. மனக்கவலை என்று முத்திரை குத்தி வருஷக்கணக்கில் தூக்க மாத்திரை கொடுத்த கதைகள் எனக்குத் தெரியும்.

அதனால், துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி இருக்கிறதோ அங்கே ஏறு. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனையானாலும் சரி, கம்பெனி பக்கத்து நர்ஸிங் ஹோமானாலும் சரி. "முதல்ல ஒரு ஈ.சி.ஜி. எடுங்க, ஊசி அப்புறம் போடலாம்" என்று தயங்காமல் சொல். அந்த ஒரு தாள், பிறகு நீ ஏறி இறங்கப்போகும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் பேசும். அந்தத் தாள் சூட்டில் அச்சாகும் வகை. நம் ஊர் வெயிலில், பிளாஸ்டிக் கவரில், பீரோவில் கிடந்தால் சில மாதங்களில் வெளுத்துப்போகும். வாங்கிய அன்றே செல்போனில் படம் எடு, ஜெராக்ஸ் போடு, தேதியும் நேரமும் பேனாவால் எழுதி வை.

தாளில் சிக்கவில்லை என்றால் ஹோல்டர் என்று 24 மணி நேரம் உடம்பில் மாட்டிவிடுவார்கள். அன்றைக்கு லீவு போட்டுப் படுத்துக்கொண்டால் பயனில்லை. வழக்கமான வேலையைச் செய், என்ன செய்தபோது என்ன தோன்றியது என்று மணி போட்டுக் குறித்து வை. வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது என்றால் 24 மணி நேரம் போதாது. கூடுதல் நாள் மாட்டும் கருவி உண்டா என்று கேள்.

நாடி பார்க்கவும் கற்றுக்கொள். உள்ளங்கையை மேலே வைத்து, கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டுக்கு இறங்கும் இடத்தில் மற்றொரு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வை. கட்டைவிரலால் பார்க்காதே, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. சீராக இருந்தால் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கு. தாறுமாறாக இருந்தால் முழு ஒரு நிமிடம் எண்ணு. ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. நன்றாக உடலுழைப்பு உள்ளவர்களுக்கு 50ஐ ஒட்டியும் இருக்கும், தலைசுற்றல் இல்லாவிட்டால் பயமில்லை. எண்ணிக்கை மட்டுமல்ல, சீராக வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா, கொஞ்சமும் ஒழுங்கில்லாமல் வருகிறதா என்பதையும் எழுது. டாக்டருக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

இவை எல்லாம் சாவகாசமாகச் செய்ய வேண்டியவை. ஆள் மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ எண்ணிக்கொண்டிருக்காதே, 108ஐக் கூப்பிடு. குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்.

அப்லேஷன் பற்றி

எஸ்.வி.டி. என்று உறுதியான 30, 40 வயதுக்காரர்களுக்கு அப்லேஷனை நான் தைரியமாகப் பரிந்துரைப்பேன். அதில் அதிகம் காணப்படும் வகையில் 100 பேருக்குச் செய்தால் 95 பேருக்கு மேல் ஒரே தடவையில் தீர்ந்துவிடுகிறது. சாதாரண மின்பாதை சேதப்பட்டுப் பேஸ்மேக்கர் வைக்க நேர்வது 100க்கு ஒன்றுக்கும் குறைவு. காலம் முழுக்க மாத்திரை, எப்போது வருமோ என்ற பயம், பைக்கில் போகும்போது வந்தால் என்ன ஆவது என்ற கவலை எல்லாம் ஒரே நாளில் போகும். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் தங்கச்சிகள் அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. கர்ப்பத்தில் படபடப்பு கூடும், எல்லா மாத்திரையும் சாப்பிடவும் முடியாது.

எஸ்.வி.டி. ஓடும்போது வீட்டிலேயே நிறுத்திப் பார்க்க ஒரு வழி உண்டு. எஸ்.வி.டி. என்று டாக்டர் உறுதிசெய்து, நீயே செய்துகொள்ளலாம் என்று அனுமதித்திருந்தால் மட்டும் இதைச் செய். 10 மில்லி சிரிஞ்சின் நுனியில் வாய் வைத்து, உள்ளே இருக்கும் தண்டு நகரும் அளவுக்கு 15 நொடி ஊது. உடனே மல்லாந்து படு, கூட இருப்பவர் இரண்டு காலையும் 45 டிகிரிக்கு 15 நொடி தூக்கிப் பிடிக்கட்டும். 2015இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில் இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் துடிப்பு சீரானது. காலைத் தூக்காமல் வெறுமே ஊதியவர்களுக்கு 17 சதவீதம்தான். சிரிஞ்ச் பத்து ரூபாய் பொருள். பையில் கிடக்கட்டும்.

ஏ.எஃப். கதை வேறு. மேல் அறைகள் துடிக்காமல் நடுங்கிக்கொண்டிருக்கும், அங்கே ரத்தம் உறைந்து கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. ஏ.எஃப்.க்கு அப்லேஷன் செய்தால் எஸ்.வி.டி. அளவுக்கு உறுதி கிடையாது. சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படும். செய்து முடித்ததும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. துடிப்பு சீரானாலும், வயது, சர்க்கரை, பிரஷர் ஆகியவற்றை வைத்துத்தான் அந்த மாத்திரையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பார்கள்.

சின்ன வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து வால்வு சுருங்கியவர்கள் நம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏ.எஃப். வந்தால் பழைய வார்ஃபரின், அசிட்ரோம் வகை மாத்திரைதான் நல்லது. 2022இல் வெளிவந்த இன்விக்டஸ் ஆய்வு புதிய மாத்திரையைவிட அதுவே உயிர் காப்பதைக் காட்டியது. அதற்கு ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை தவறாமல் வேண்டும். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை, ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் கீரையே இல்லை என்று வைத்துக்கொள்ளாதே, அவ்வளவுதான். உடம்பு வலி என்று கிளினிக்கில் இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும், மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் இந்த மாத்திரையோடு கூடவே கூடாது.

அப்லேஷன் முடிந்து சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். ஒரு வாரம் பாரம் தூக்கக் கூடாது. முதல் சில வாரம் துடிப்பு இடையிடையே துள்ளும், அது தோல்வி அல்ல. ஏ.எஃப். அப்லேஷன் ஆனவருக்கு அடுத்த இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு விழுங்கச் சிரமம் வந்தால் மட்டும் ஊர் டாக்டரிடம் காட்டிக்கொண்டிருக்காமல், செய்த ஆஸ்பத்திரிக்கே அன்றே ஓடு. அபூர்வம்தான், ஆனால் உணவுக்குழாய் புண்ணாகி உயிருக்கே உலை வைக்கும்.

பர்னஸ், மேக்னட் கிரேன், வெல்டிங்

இனி சொல்லப்போவதுதான் நம் ஊருக்கே உரிய விஷயம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஸ்கிராப் இரும்பை உருக்கும் இன்டக்ஷன் பர்னஸ்கள் இருக்கின்றன. ரோலிங் மில், ஃபேப்ரிகேஷன், வெல்டிங் பட்டறைகள் காக்களூர் எஸ்டேட் வரைக்கும் உண்டு. பேஸ்மேக்கர் வைக்கிற டாக்டருக்கு உன் வீட்டுக்காரர் எந்த மெஷின் பக்கத்தில் நிற்கிறார் என்று தெரியாது. "என்ன வேலை?" என்று கேட்பார், "கம்பெனி வேலை" என்று நீ சொல்வாய், பேச்சு அதோடு முடிந்துவிடும். அப்படி முடிய விடாதே.

இன்டக்ஷன் பர்னஸ் பலமான, மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தால்தான் இரும்பை உருக்குகிறது. பேஸ்மேக்கரின் ஒயர் அந்தப் புலத்தை வாங்கிக்கொண்டால், இதயம் தானாகவே துடிக்கிறது என்று கருவி தப்பாக நினைத்துத் தன் துடிப்பைக் கொடுக்காமல் இருந்துவிடலாம். சொந்தத் துடிப்பே இல்லாதவருக்கு அந்தச் சில நொடி போதும், பர்னஸ் மேடையில் மயக்கம் வர. விலகி நின்றால் கருவி பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும், ஆனால் விழுகிற இடம் எது என்று யோசித்துப் பார். ஸ்கிராப் தூக்கும் மேக்னட் கிரேனின் நிலையான காந்தம் வேறு விதமாக வேலை செய்யும்: கருவியை ஒரே வேகத்தில் துடிப்புக் கொடுக்கும் நிலைக்குத் தள்ளும். ஆபத்தான வேகத் துடிப்பை ஷாக் கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி. கருவி வைத்தவராக இருந்தால், அந்தக் காந்தம் அருகில் இருக்கும்வரை கருவி ஷாக்கே கொடுக்காமல் போகலாம். என் முடிவைக் கேட்டால், பேஸ்மேக்கர் வைத்தவருக்குப் பர்னஸ் மேடையும் மேக்னட் யார்டும் வேண்டாம். டிஸ்பாட்ச், ஸ்டோர்ஸ், தரப் பரிசோதனை, கேட் என்று மாற்றிக் கேளுங்கள். மாற்ற முடியாது என்றால், கருவிக் கம்பெனியின் டெக்னிக்கல் ஆட்களைக் கொண்டு வேலை இடத்தை அளந்து பார்க்கச் சொல்லி டாக்டர் மூலம் கேட்கலாம்.

வெல்டருக்கு வழி இருக்கிறது, கட்டுப்பாட்டோடு. கருவிக் கையேடுகள் பொதுவாக 160 ஆம்பியருக்குக் கீழ் என்கின்றன. வெல்டிங் முனைக்கும் நெஞ்சுக்கும் குறைந்தது 2 அடி. எர்த் கிளாம்ப் வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடித்திருக்க வேண்டும். இரண்டு கேபிளும் ஒன்றோடொன்று சேர்ந்து, உடம்பில் சுற்றாமல், தோளில் போடாமல் தரையில் போக வேண்டும். ஈரமான கையுறை, ஈரத் தரை கூடாது. டக்டக்கென்று தொட்டுத் தொட்டு எடுக்காமல், ஒவ்வொரு வெல்டுக்கும் இடையில் பத்து நொடி விடு. தலை சுற்றினால் டார்ச்சைக் கீழே வைத்து விலகிவிடு. தனியாக ஒருபோதும் செய்யக் கூடாது.

வீட்டில் மிக்ஸி, கிரைண்டர், டிவி, ஃபிரிட்ஜ் எதற்கும் பயமில்லை. இன்டக்ஷன் அடுப்புக்கு மட்டும் 2 அடி தள்ளி நில்; ரூம் எடுத்துத் தங்கி அதில்தான் சமைக்கும் பையன்கள் இதைக் கவனிக்க வேண்டும். செல்போன் சட்டைப் பையில் வேண்டாம், கருவியிலிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்கட்டும்.

கருவி வழக்கமாக இடது காறை எலும்புக்குக் கீழே வரும். இடது கைப் பழக்கமுள்ளவர், இடது தோளில் மூட்டை சுமப்பவர் முன்கூட்டியே சொன்னால் வலது பக்கம் வைக்க முடியுமா என்று பார்ப்பார்கள். பெண்கள் உள்ளாடைப் பட்டி எங்கே வருகிறது என்று வெட்கப்படாமல் காட்டுங்கள். தழும்பு மேல் பட்டி உரசினால் வருஷக்கணக்கில் தொல்லை. வைத்த பிறகு 4 முதல் 6 வாரம் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்காதே, ஆனால் கையைக் கட்டிப் போட்டும் வைக்காதே, தோள் இறுகிவிடும். எதிர்காலத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடு. கருவி அட்டையை ஐ.டி. கார்டோடு வைத்துக்கொள். பேட்டரி பொதுவாக 8 முதல் 12 வருஷம். தீர்வதற்குப் பல மாதம் முன்பே பரிசோதனையில் தெரிந்துவிடும், அதனால்தான் செக்கப்பைத் தவறவிடக் கூடாது.

பேஸ்மேக்கர் வைத்தால் ஆயுள் அவ்வளவுதான் என்று சொல்பவர்களுக்கு ஆர்னே லார்சனைப் பற்றிச் சொல். உடலுக்குள் பேஸ்மேக்கர் வைக்கப்பட்ட முதல் மனிதர், 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோம். முதல் கருவி சில மணி நேரம்தான் ஓடியது. மொத்தம் 26 கருவிகள் மாற்றி, 86 வயது வரை இருந்து 2001இல் காலமானார். கருவியைச் செய்த எல்ம்க்விஸ்டும், அதை வைத்த டாக்டர் சென்னிங்கும் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார்கள்.

பணம், லீவு

ஈ.எஸ்.ஐ. பிடிப்பு இருந்தால் (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை) அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை வழியாகப் போகலாம். சிகிச்சைக் காலத்தில் நிபந்தனைக்கு உட்பட்டு 70 சதவீதச் சம்பளம் வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். கான்ட்ராக்டர் உன் வீட்டுக்காரர் பெயரில் உண்மையிலேயே பணம் கட்டுகிறாரா என்று நோய் வருவதற்கு முன்பே பார்த்துக்கொள்.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் ஆண்டுக்கு 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு திருவள்ளூர் கலெக்டர் அலுவலகத்தில் பதியலாம். கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பேஸ்மேக்கர், அப்லேஷன் இரண்டுமே திட்டத்தில் உண்டு, ஆனால் எல்லா ஆஸ்பத்திரியிலும் அப்லேஷன் செய்யும் வசதி இல்லை. முன்பணம் கட்டும் முன் ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டு அலுவலரைப் பார். அரசு வழியில் போவதானால், 2022இல் தொடங்கிய திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டிவிட்டு ரெஃபரல் வாங்கலாம். ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே இருக்கிறது, கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினால் இறங்கி ரோட்டைக் கடந்தால் போதும்.

மயக்கம் போட்டு விழுந்தவர், காரணம் தெரிந்து சிகிச்சை முடியும்வரை பைக், கிரேன், உயரமான மேடை எதிலும் ஏறக் கூடாது. ஷிப்டு மாற்ற ஒரு சீட்டு டாக்டரிடம் எழுதி வாங்கு. நைட் ஷிப்டில் தூக்கத்தை விரட்ட 20 ரூபாய் எனர்ஜி டிரிங்க், சனிக்கிழமை சம்பளக் குடி இரண்டும் துடிப்பைக் கிளப்பிவிடும். பர்னஸ் சூட்டில் வியர்த்துக் கொட்டுபவர் தண்ணீர் குடிக்காமல் இருந்தாலும் அப்படித்தான்.

தங்கச்சி, அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது ஒரு வெள்ளைத்தாளில் இதை எழுதி எடுத்துப் போ: எந்த மெஷின், எத்தனை ஆம்பியர், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், எத்தனை மணி நேரம், எந்தக் கைப் பழக்கம். அதையும் படபடப்பின்போது எடுத்த ஈ.சி.ஜி.யையும் டாக்டர் பார்த்துப் பேசாதவரை, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதே.